நிறம் சொல்லும் சூடு: யெல்லோஸ்டோன் பயணக் குறிப்புகள்

வெள்ளி: மேற்கு வாசல் வழியே

யெல்லோஸ்டோனுக்குப் போகிறேன் என்றதும் நண்பர்கள் கேட்டதெல்லாம் கரடியையும் காட்டெருமையையும் பற்றித்தான். பாக்டீரியா பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். 2020லும் 2021லும் ராத்திரி பகல் பார்க்காமல் கொரோனா மாதிரிகளை, டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் இயந்திரத்தில் ஏற்றி இறக்கிய கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தச் சோதனைக்கு உயிர்நாடியான நொதி எந்த பாக்டீரியாவிலிருந்து வந்ததோ, அதைக் கண்டெடுத்தது இங்கே இருக்கும் ஒரு வெந்நீர் ஊற்றில்தான். அதனால் சால்ட் லேக் சிட்டியிலிருந்து அக்கா போன் போட்டு, "லீவு போட்டுட்டு வாடா, எங்க போகணும்னு நீயே சொல்லு" என்றபோது யோசிக்கவே இல்லை.

சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஐடஹோ வழியாக வந்தால் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அத்தான் வண்டி ஓட்டினார். அக்கா கட்டிக்கொண்டு வந்த புளியோதரை பாதி வழியிலேயே காலி. வழி நெடுக உருளைக்கிழங்கு வயல், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

பூங்காவைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். 1872ல் அறிவிக்கப்பட்ட, உலகத்தின் முதல் தேசியப் பூங்கா. பெரும்பகுதி வயோமிங் மாநிலத்தில், ஓரங்கள் மட்டும் மொன்டானாவிலும் ஐடஹோவிலும். பரப்பளவு கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர். அடியில் ஓர் எரிமலை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, அது கடைசியாகப் பெரிய அளவில் வெடித்தது சுமார் 6,40,000 ஆண்டுகளுக்கு முன்பு. மழைத் தண்ணீரும் பனி உருகிய தண்ணீரும் ஆழத்துக்கு இறங்கி அந்தச் சூட்டில் காய்ந்து திரும்ப மேலே வருகின்றன. ஊற்று, கெய்சர் (அவ்வப்போது பீறிட்டடிக்கும் வெந்நீர் ஊற்று), சேற்றுக் குழி, நீராவித் துளை என்று எல்லாம் சேர்த்து 10,000க்கு மேல் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். (இனி டிகிரி என்று எழுதுவதெல்லாம் செல்சியஸ்.)

சாயங்காலத்துக்குள் ஃபயர்ஹோல் ஏரிச் சாலைக்குப் போய்விட்டோம். ஒருவழிப் பாதை, ஐந்து கிலோமீட்டர் இருக்கும். கிரேட் ஃபவுண்டன் கெய்சர் எப்போது பீறிடும் என்று ஒரு கூட்டம் மடக்கு நாற்காலி போட்டுக் காத்திருந்தது. நான் பார்க்க வந்த மஷ்ரூம் ஸ்பிரிங், ஆக்டோபஸ் ஸ்பிரிங் இரண்டும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன, ஆனால் அங்கே பொதுமக்களுக்கு நடைபாதை கிடையாது. மரங்களுக்கு மேலே எழும்பிய ஆவியைக் காட்டி, "அந்தப் பக்கம்தான்" என்றேன். அக்கா மகன் என்னைப் பாவமாகப் பார்த்தான். "இதுக்கா மாமா மதுரையிலிருந்து வந்தீங்க?"

இதுக்குத்தான். தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளர் 1964ல் முதல்முறை இங்கே வந்தார். ஊற்றிலிருந்து வழிந்தோடும் வாய்க்காலில் நிறம் நிறமாகத் திட்டுகள் இருப்பதைப் பார்த்தார். கனிமம் என்று நினைத்துத் தாண்டிப் போகக்கூடிய விஷயம், அவர் நின்று பார்த்தார். ஆக்டோபஸ் ஸ்பிரிங்கில் கை வைத்தால் வெந்துபோகும் 80 டிகிரிக்கு மேற்பட்ட ஓட்டத்தில் இளஞ்சிவப்பு இழைகள் ஆடிக்கொண்டிருந்தன. அவ்வளவு சூட்டில் ஓர் உயிர் பிழைத்துக் கிடக்கலாம், செழித்து வளர முடியாது என்பதுதான் அன்றைய பொதுவான எண்ணம். பிராக் செய்த சோதனை ரொம்பச் சாதாரணமானது. மைக்ராஸ்கோப் கண்ணாடித் துண்டுகளை நூலில் கட்டிக் கொதிக்கிற ஊற்றுக்குள் இறக்கிவிட்டு, சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தார். கண்ணாடி முழுக்க பாக்டீரியா ஒட்டி வளர்ந்திருந்தது.

அந்த இளஞ்சிவப்பு இழைகளை அவரால் ஆய்வகத்தில் வளர்க்க முடியவில்லை. (அதற்கு 1998 வரை ஆனது. இன்று அதன் பெயர் தெர்மோக்ரைனிஸ் ரூபர்.) 1966ல் இளங்கலை மாணவர் ஹட்சன் ஃபிரீஸும் அவரும் மஷ்ரூம் ஸ்பிரிங்கிலிருந்து எடுத்த மாதிரியில் வேறொன்று வளர்ந்தது. 70 டிகிரியில் சுகமாகப் பெருகும் அதற்கு தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயர் வைத்து 1969ல் கட்டுரை வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் வாங்கி ஆராயலாம் என்று ஒரு பொது வளர்ப்புச் சேகரிப்பில் கொடுத்தும் வைத்தார்கள்.

பிறகு நடந்தது என் பிழைப்போடு சம்பந்தப்பட்ட கதை. 1976ல் சின்சினாட்டியில் ஆலிஸ் சியெனும் அவரோடு இருந்தவர்களும் இந்த பாக்டீரியாவிலிருந்து டி.என்.ஏ. நகலெடுக்கும் நொதியைப் பிரித்தெடுத்தார்கள். 1983ல் கேரி முல்லிஸ் பிசிஆர் என்ற யோசனையைப் பிடித்தார். டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளைப் பிரிக்க 95 டிகிரி வரை சூடாக்க வேண்டும், ஆறவைத்து நகலெடுக்க வேண்டும், மறுபடி சூடாக்க வேண்டும், இப்படி முப்பது நாற்பது சுற்று. முதலில் பயன்படுத்தியது நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் நொதி. அது ஒவ்வொரு சூட்டிலும் செத்துப்போகும், ஒவ்வொரு சுற்றுக்கும் யாராவது குழாயைத் திறந்து புதிதாக ஊற்ற வேண்டும். வெந்நீரில் வாழ்கிறவனின் நொதிக்கு அந்தக் கவலை இல்லை, 95 டிகிரியில் அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தாலும் பாதிக்கு மேல் வேலை செய்யும். 1988ல் டாக் என்ற செல்லப் பெயரோடு அது பிசிஆருக்குள் வந்தது, அப்புறம் இயந்திரத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றானது. 1993ல் முல்லிஸுக்கு வேதியியல் நோபல்.

எங்கள் ஆய்வகத்தில் இந்த நொதியைப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் வைத்திருப்போம். கிளிசரினில் கலந்திருப்பதால் அந்தக் குளிரிலும் உறையாது, கொழகொழவென்று இருக்கும். பிப்பெட் முனையில் ஒட்டிக்கொண்டு வரும், அதனால் மெதுவாக உறிஞ்சி மெதுவாக விட வேண்டும், முனையை ஆழமாக முக்கினால் வெளிப்புறத்திலும் ஒட்டி அளவு கெட்டுவிடும். ஐஸ் மேல் வைத்துக்கொண்டே சோதனைத் தட்டின் 96 குழிகளுக்கும் கலவை போடுவோம். வெந்நீரில் பிறந்ததை இப்படிப் பனிக்கட்டியில் வைத்துத் தாலாட்டுகிறோமே என்று ராத்திரி ஷிஃப்டில் பலமுறை நினைத்திருக்கிறேன்.

பணக் கணக்கையும் சொல்ல வேண்டும். பிசிஆர் உரிமையை, முல்லிஸ் வேலை பார்த்த சீட்டஸ் நிறுவனம் 1991ல் ஹாஃப்மன் லா ரோஷ் என்ற மருந்து நிறுவனத்துக்கு 30 கோடி டாலருக்கு விற்றது. ஊற்றைப் பொத்திப் பாதுகாத்த பூங்காவுக்கு ஒரு காசு வரவில்லை, சட்டப்படி வரவேண்டியதும் இல்லை. அதற்கப்புறம்தான் விழித்துக்கொண்டு, இங்கே எடுக்கும் மாதிரியிலிருந்து வணிகப் பொருள் வந்தால் ஆதாயத்தில் பங்கு தர வேண்டும் என்று விதிமுறைகள் கொண்டுவந்தார்கள். அந்தப் பங்கு முன்பே இருந்திருந்தால் பூங்காவின் நிதிக் கவலையில் பாதி தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சனி: கிராண்ட் பிரிஸ்மாட்டிக், மார்னிங் குளோரி

செப்டம்பரிலேயே விடிகாலையில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் குளிர். அந்த நேரத்தில் போனால் ஆவிதான் தெரியும், நிறம் தெரியாது என்று அத்தான் சொல்லிவிட்டார், அவர் முன்பே வந்தவர். அதனால் முதலில் எக்ஸெல்சியர் பள்ளம். 1880களில் பெரிய கெய்சராக இருந்து இப்போது ஓய்ந்து கிடக்கிறது, ஆனாலும் நிமிடத்துக்கு 15,000 லிட்டர் வெந்நீரை ஃபயர்ஹோல் ஆற்றில் கொட்டுகிறது.

உச்சி வெயில் நெருங்கியதும் ஃபேரி ஃபால்ஸ் பாதையில் ஒரு கிலோமீட்டர் நடந்து மேட்டில் ஏறினோம். கீழே கிராண்ட் பிரிஸ்மாட்டிக். அமெரிக்காவிலேயே பெரிய வெந்நீர் ஊற்று, 100 மீட்டரை நெருங்குகிற அகலம். படத்தில் பார்க்கும்போது யாரோ நிறத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று நினைப்போம். கூட்டவில்லை.

நடுவில் நீலம். 87 டிகிரி வரை போகிற அந்த இடத்தில் ஒளிச்சேர்க்கை செய்கிற எதுவும் வாழ முடியாது, நாம் பார்ப்பது ஆழமான சுத்தத் தண்ணீரின் நிறம் மட்டுமே. ஓரத்துக்கு வர வர தண்ணீர் பரவி ஆறுகிறது. 73, 74 டிகிரிக்கு இறங்குகிற இடத்தில் மஞ்சள் வளையம் ஆரம்பிக்கிறது, அது சினெகோகாக்கஸ் என்ற நீலப்பச்சை பாக்டீரியா. ஒளிச்சேர்க்கையின் உச்ச எல்லை ஏறக்குறைய இந்த 73 டிகிரிதான், பல நாட்டு ஊற்றுகளில் அது இதைவிடக் கீழேயே நின்றுவிடுகிறது. 65 பக்கம் வந்தால் ஆரஞ்சு, அங்கே குளோரோஃப்ளெக்சஸ், ஃபார்மிடியம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. 55க்குக் கீழே செம்பழுப்பு, கலோத்ரிக்ஸ் வந்துவிடுகிறது. தெர்மாமீட்டர் இல்லாமலேயே நிறத்தைப் பார்த்து இந்த இடத்தில் தோராயமாக இத்தனை டிகிரி என்று ஊகித்துவிடலாம்.

நீலப்பச்சை பாக்டீரியா என்றால் பச்சையாகத்தானே இருக்க வேண்டும்? பச்சையம் இருக்கிறது. அதற்கு மேலே கரோட்டினாய்டுகளைப் போர்த்திக்கொள்கிறது, கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே குடும்பம். இந்த உயரத்தில் வெயிலும் புற ஊதாக் கதிரும் கடுமை, அதற்கான குடை அது. குளிர்காலத்தில் வெயில் குறைந்ததும் குடையை மடக்கிவிடும், வளையங்கள் கரும்பச்சைக்கு மாறும். கோடையில் வருகிறவர்களுக்கும் ஜனவரியில் பனிவண்டியில் வருகிறவர்களுக்கும் ஒரே ஊற்று வேறு நிறத்தில் தெரிவது இதனால்தான்.

அப்புறம் கீழே இறங்கி மரப்பலகை நடைபாதையில் போனோம். நான் குந்தி உட்கார்ந்துவிட்டேன், பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. பலகையின் விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, காய்ச்சிய பாலில் ஆடை கட்டியது மாதிரி ஒரு படலம், அதன் மேல் விரலளவு தண்ணீர் ஓடுகிறது. படலத்துக்கு அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள் மாட்டிக்கொண்டு, படலத்தை அங்கங்கே மொட்டு மொட்டாகத் தூக்கி நிறுத்தியிருந்தன. வெயில் ஏற ஏற ஒளிச்சேர்க்கையில் வருகிற ஆக்சிஜன்தான் அது. ஓர் இடத்தில் படலம் பிய்ந்து சுருண்டிருந்தது, வெட்டுமுகம் தெரிந்தது. மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பச்சை, அதற்குக் கீழே ஆரஞ்சு, அதற்கும் கீழே வெளிறிய, மக்கிப்போன அடுக்கு. மேல் மாடிக்காரர் வெளிச்சத்தில் சமைக்கிறார், மீந்ததைக் கீழ் வீட்டுக்காரர்கள் தின்கிறார்கள். ராத்திரியில் ஆக்சிஜன் தீர்ந்து மொத்தப் படலமும் நொதித்தலுக்கு மாறிவிடுகிறது. நேற்று தூரத்தில் காட்டினேனே, அந்த ஆக்டோபஸ், மஷ்ரூம் ஊற்றுகளின் படலத்தில்தான் 2007ல் குளோராசிடோபாக்டீரியம் என்ற ஒன்றை அறிவித்தார்கள். அசிடோபாக்டீரியா என்ற பெரிய தொகுதியில் ஒளியை உண்கிற முதல் ஆள். பிராக் காலத்திலிருந்து நாற்பது வருடமாகத் தோண்டித் துருவிய ஊற்றிலேயே இப்படி ஒன்று கண்ணில் படாமல் இருந்திருக்கிறது.

"மாமா, ஈ!" என்றான் பையன். ஆமாம், ஈதான். படலத்தின் ஆறிய ஓரங்களில் கூட்டம் கூட்டமாக எஃபிட்ரா ஈக்கள், அந்தப் படலத்தையே தின்று அதிலேயே முட்டையிடுகின்றன. அந்த ஈயைப் பிடிக்க ஒரு சிலந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஈயைப் பார்க்க வெந்நீர் ஊற்று வரைக்கும் வர வேண்டுமா என்று அக்கா முணுமுணுத்தாள், ஆனால் போன் எடுத்து அவள்தான் வீடியோவும் பிடித்தாள்.

படலத்தின் மேல் நாலைந்து தொப்பிகள் கிடந்தன, காற்றில் பறந்தவை. யாரும் எடுக்க இறங்கக்கூடாது. ஒரு காட்டெருமை நடந்த குளம்புத் தடம் வரிசையாக அப்படியே இருந்தது.

மத்தியானம் ஓல்ட் ஃபெயித்ஃபுல் கெய்சர். சரியான நேரத்தில் பீறிட்டது, எல்லோரும் கை தட்டினார்கள். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடந்து மார்னிங் குளோரி குளத்துக்குப் போனோம். பழைய படங்களில் முழுக்க நீலமாக இருக்கும் இந்தக் குளம் இப்போது நடுவில் பச்சை, சுற்றி மஞ்சள், ஓரம் ஆரஞ்சு. பல பத்தாண்டுகளாக வந்தவர்கள் எல்லாம் காசும் குப்பையும் போட்டு அடியில் இருக்கும் துளையை அடைத்துவிட்டார்கள். வெந்நீர் வரத்து குறைந்து குளம் ஆறியது, ஓரத்தில் இருந்தவர்கள் நடுவை நோக்கிக் குடியேறிவிட்டார்கள். 1950ல் குளத்தைப் பொங்கவைத்துக் காசு, கைக்குட்டை, துண்டு என்று அள்ளியிருக்கிறார்கள். காவிரிப் பாலத்தில் ரயில் போகும்போது காசு எறிகிற ஊரிலிருந்து வந்த எனக்கு யாரையும் குறை சொல்ல வாய் வரவில்லை. பார்க்க ரொம்ப அழகாக இருக்கிறது, அதுதான் சங்கடம்.

ஞாயிறு: நோரிஸ்

பூங்காவிலேயே அதிகம் கொதிக்கிற இடம் நோரிஸ். 326 மீட்டர் ஆழம் துளைபோட்டுப் பார்த்ததில் 237 டிகிரி. நாற்றமும் இங்கேதான் அதிகம், ஹைட்ரஜன் சல்ஃபைட், அழுகிய முட்டை. அக்கா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள்.

நேற்று படித்த நிறப் பாடம் இங்கே செல்லாது. நேற்று பார்த்த ஊற்றுகள் காரத்தன்மை கொண்டவை, நோரிஸில் பெரும்பாலும் அமிலம். அமிலத்தில் நீலப்பச்சை பாக்டீரியாக்கள் வாழாது. போர்சலின் படுகையில் வெள்ளை வெளேரென்ற சிலிக்கா தரையில் ஒரு வாய்க்கால் பளிச்சென்று எலுமிச்சைப் பச்சையில் ஓடியது. அது சயனிடியம் வகைப் பாசி. பாக்டீரியா அல்ல, உட்கரு உள்ள உயிர், நம் கட்சி. பார்வைக்குப் பச்சை, வகைப்பாட்டில் சிவப்புப் பாசி. 56 டிகிரி வரை தாங்கும், உட்கரு உள்ள உயிர்களுக்கு அதுவே கிட்டத்தட்ட உச்சம், 60ஐத் தாண்டினால் நம் கட்சியில் ஆள் கிடைப்பது மிக அரிது. பச்சைக்குப் பக்கத்திலேயே துருச்சிவப்பு, அது இரும்பு. ஆறிய ஓரங்களில் கருஊதாவாக ஸைகோகோனியம் பாசி.

ஆனால் நோரிஸின் உண்மையான குடிமக்களுக்கு நிறமே கிடையாது. கலங்கிய, சாம்பல் நிற, கொதிக்கிற அமிலக் குளங்களில் பிராக் கண்டுபிடித்து 1972ல் பெயர் வைத்தது சல்ஃபோலோபஸ் அசிடோகால்டேரியஸ். 75, 80 டிகிரி, அமில அளவு பி.எச். 2 அல்லது 3, அதாவது எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்கவைத்த மாதிரியான சூழல். கந்தகத்தைத் தின்று கந்தக அமிலத்தை வெளியே விடும், அதாவது தான் வாழும் அமிலத்தில் ஒரு பங்கைத் தானே தயாரிக்கிறது. வெளியே அவ்வளவு அமிலம் இருந்தும் செல்லுக்குள்ளே கிட்டத்தட்ட நடுநிலைதான், உள்ளே கசிகிறதை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை முதலில் வித்தியாசமான பாக்டீரியா என்றுதான் நினைத்தார்கள். 1977ல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, பாக்டீரியாவும் அல்லாத நாமும் அல்லாத மூன்றாவது கிளை ஒன்று இருக்கிறது என்றார்கள். அதைத்தான் இன்று ஆர்க்கியா என்கிறோம். சல்ஃபோலோபஸ் அந்தக் கிளையைச் சேர்ந்தது. நம் செல் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு, சூட்டில் இளகிப் பிரிந்துவிடும். சல்ஃபோலோபஸின் கொழுப்பு மூலக்கூறுகளில் பெரும்பாலானவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே நீளமாக ஊடுருவி நிற்கின்றன, பிரிய இரண்டு அடுக்கே இல்லை. மூலக்கூறுக்குள் இருக்கும் வேதி இணைப்பும் நம்முடையதைப் போல எஸ்டர் வகை அல்ல, ஈதர் வகை, அமிலத்தில் எளிதில் அறுபடாது.

இதற்கும் வைரஸ் உண்டு என்று சொன்னதும் அத்தான் நின்றுவிட்டார். "கொதிக்கிற அமிலத்துக்குள்ள வைரஸா?" ஆமாம், யெல்லோஸ்டோன் மாதிரியிலிருந்தே மொன்டானா ஸ்டேட் பல்கலைக்கழகக்காரர்கள் பிரித்தெடுத்திருக்கிறார்கள். செல்லின் மேற்பரப்பில் குட்டிக் குட்டிப் பிரமிடுகள் முளைத்து, அவை இதழ் விரித்துத் திறந்து வைரஸ்கள் வெளியே வரும்.

வைரஸ் கெடுதல் மட்டுமே செய்யும் என்றும் இல்லை. இங்கே சூடான மண்ணில் டைகாந்தீலியம் என்ற ஒரு புல் வளர்கிறது. புல்லைத் தனியாக வளர்த்தால் 38 டிகிரிக்கு மேல் தாங்காது. அதற்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சையும் தனியாக அப்படித்தான். இரண்டும் சேர்ந்தால் 65 டிகிரி மண்ணில்கூட நிற்கும், ஆனால் அந்தப் பூஞ்சைக்குள் ஒரு வைரஸ் இருந்தால் மட்டுமே. 2007ல் வந்த ஆய்வு. பூஞ்சையிலிருந்து வைரஸை நீக்கினார்கள், புல் வாடியது. வைரஸைத் திரும்பக் கொடுத்தார்கள், புல் நிமிர்ந்தது. நடைபாதை ஓரம் பழுப்படைந்து நின்ற ஒவ்வொரு புல்லையும் இதுதானா இதுதானா என்று பார்த்துக்கொண்டே வந்தேன், உறுதியாகச் சொல்லும் அளவுக்குத் தாவரவியல் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. பலகையை விட்டு இறங்காதீர்கள். மேலோடு மெல்லிசு, கீழே கொதிக்கிறது. இந்தப் பூங்காவின் வெந்நீரில் வெந்து இதுவரை 20 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். தொட்டுப் பார்க்கவும் கூடாது, ஒரு துளி அள்ளினாலும் குற்றம்.

திங்கள்: மேமத்

வடக்கு முனை. வழியில் காட்டெருமைகள் சாலையை மறித்து நின்றதில் முக்கால் மணி நேரம் போச்சு.

மேமத்தில் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. வெந்நீர் அதைக் கரைத்துக்கொண்டு மேலே வந்ததும் கார்பன் டை ஆக்சைடு பறந்துபோக, சுண்ணாம்பு படிந்து படிக்கட்டு படிக்கட்டாக எழும்புகிறது. கேனரி ஸ்பிரிங்கில் ஊற்றுக்கண் பக்கம் வெள்ளையும் வெளிர் மஞ்சளுமாக நீண்ட இழைகள் ஓட்டத்தின் திசையில் படுத்துக் கிடந்தன. கந்தகத்தை நம்பி வாழும் பாக்டீரியாக்கள், சல்ஃபரிஹைட்ரஜனிபியம் என்பது பெயர். சுண்ணாம்பு அவற்றின் மேலேயே படிந்து இழையோடு சேர்த்துக் கல்லாகிவிடுகிறது. காய்ந்துபோன பழைய தட்டு ஒன்றில் அந்த இழைகளின் வடிவம் அப்படியே கல்லில் நின்றது, வரிவரியாக.

இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் புரூஸ் ஃபவுக் குழு இங்கே ஊற்றுக்கண்ணிலிருந்து கடைசிச் சரிவு வரை பகுதி பகுதியாக டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தது. ஒரு பகுதியில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அடுத்த பகுதியில் இல்லை. தண்ணீர் என்னவோ ஒரே தண்ணீர்தான், மேலிருந்து கீழே எல்லோரையும் அடித்துக்கொண்டுதான் வருகிறது. ஆனாலும் சில அடி தள்ளி வந்ததும் அங்கே பிழைக்கக்கூடியவர்கள் வேறு.

மற்றபடி மேமத்தில் பாதிப் படிகள் வறண்டு சாம்பல் நிறத்தில் கிடக்கின்றன. தண்ணீர் வழி மாறிக்கொண்டே இருக்கும், அடுத்த வருடம் வேறு இடம் மின்னும்.

செவ்வாய்: மட் வால்கேனோ

இங்கே யாரும் அதிக நேரம் நிற்பதில்லை. கொப்பளிக்கிற சேறு, குமட்டுகிற நாற்றம், நிறம் என்று எதுவும் இல்லை. சல்ஃபர் கால்ட்ரன் என்ற குழியின் பி.எச். 1க்கும் 2க்கும் நடுவில், அமிலத்தன்மையில் பேட்டரி அமிலத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. சல்ஃபோலோபஸ் வகையறாக்கள் கந்தகத்தை அமிலமாக்க, அமிலம் பாறையைத் தின்று களிமண்ணாக்க, அந்தக் களிமண்தான் நாம் பார்க்கிற சேறு. மலையைக் கரைக்கிற வேலையில் நுண்ணுயிருக்கும் பங்கு இருக்கிறது என்று பையனிடம் சொன்னேன், அவன் சேறு பொளக் பொளக் என்று வெடிப்பதை எண்ணிக்கொண்டிருந்தான்.

இந்த வட்டாரத்தில்தான், நடைபாதையிலிருந்து தெரியாத தூரத்தில், அப்சிடியன் பூல் இருக்கிறது. பயணத்தில் நான் மிகவும் பார்க்க விரும்பியதும் பார்க்கவே முடியாததும் அதுதான். நார்மன் பேஸ், சூசன் பார்ன்ஸ் ஆகியோரின் குழு 1990களில் அந்தக் குளத்தின் வண்டலை எடுத்து, எதையும் வளர்க்க முயலாமல், நேராக டி.என்.ஏ.வைப் பிரித்து ரைபோசோம் மரபணுவை மட்டும் பிசிஆரில் பெருக்கிப் படித்தது. 1994ல் ஆர்க்கியா பற்றிய முதல் கட்டுரை வந்தது, அதுவரை யாரும் பார்த்திராத மரபணு வரிசைகள். அதில் ஒரு கூட்டம் தனிக் கிளையாக நின்றது, கோரார்க்கியோட்டா என்று பெயர் வைத்தார்கள். 1998ல் அதே குளத்து பாக்டீரியாக்களைப் படித்தபோது முற்றிலும் புதிய தொகுதிகளாக ஒரு டஜன் கிடைத்தது. விலங்குகளில் நத்தை ஒரு தொகுதி, பூச்சி ஒரு தொகுதி, முதுகெலும்பு உள்ளவை ஒரு தொகுதி என்கிற அளவுக்கு ஒன்றுக்கொன்று விலகியவை. குளத்தின் பெயரின் முதல் எழுத்துகளை வைத்து ஓபி 1, ஓபி 2 என்று 12 வரை எண் போட்டார்கள். பிறகு அதே உறவினர்கள் கடலடியிலும் நிலத்தடி நீரிலும் கழிவுநீரிலும்கூடக் கிடைத்தார்கள், சிலருக்கு இப்போது முறையான பெயரும் வந்துவிட்டது.

அந்தப் பெருக்கும் வேலையைச் செய்தது டாக் நொதி. மஷ்ரூம் ஸ்பிரிங்கில் வளர்க்க முடிந்த ஒருவனின் கருவியை வைத்துத்தான், பூங்காவின் இன்னொரு மூலையில் வளர்க்கவே முடியாதவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. மாதிரியில் ஒரு வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று மட்டுமே இந்த நொதியிடம் கேட்டுப் பழகிய எனக்கு, இங்கே யார் யார் இருக்கிறீர்கள் என்று அதை வைத்து ஒரு குளத்தையே கேட்க முடியும் என்பது பாடப்புத்தகத்தில் படித்தபோது உறைக்கவில்லை, இந்தச் சேற்று நாற்றத்தில் நின்றபோதுதான் உறைத்தது.

பிசிஆரையும் முழுசாக நம்ப முடியாது. நகலெடுப்பைத் தொடங்கிவைக்க, எல்லோருக்கும் பொதுவானது என்று நினைத்துப் போடுகிற சின்ன டி.என்.ஏ. துண்டு (பிரைமர்) சிலருக்கு ஒட்டவே ஒட்டாது. நானோஆர்க்கியோட்டா என்ற குட்டி ஆர்க்கியாக்கள் வெகுநாள் அப்படித்தான் தப்பிக்கொண்டிருந்தன. தன்னால் தனியாக வாழ முடியாமல் இன்னோர் ஆர்க்கியாவின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்கிறவை. 2016ல் யெல்லோஸ்டோன் ஊற்றிலிருந்தே ஒன்றை அதைச் சுமக்கிற ஆளோடு சேர்த்து வளர்த்துக் காட்டினார்கள். கோரார்க்கியோட்டாவில் ஒன்றின் முழு மரபணுத் தொகுப்பு 2008ல் கிடைத்தது, அதையும் தனியாக வளர்க்க முடியவில்லை, கூட்டத்தோடு 85 டிகிரியில் வளர்த்துப் பிரித்தார்கள்.

வெளிச்சம் எட்டாத இந்தச் சூட்டில் எதைத் தின்று வாழ்கிறார்கள் என்று அத்தான் வண்டியில் கேட்டார். 2005ல் பேஸ் குழு அளந்து பார்த்ததில், 70 டிகிரிக்கு மேற்பட்ட ஊற்றுகளில் முக்கிய எரிபொருள் ஹைட்ரஜன். நாற்றத்தை வைத்து எல்லோரும் கந்தகம்தான் பிரதானம் என்று நினைத்திருந்தார்கள். ஹைட்ரஜனுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. "அப்ப மூக்கையும் நம்பக்கூடாது, கண்ணையும் நம்பக்கூடாதுங்கற" என்றாள் அக்கா.

போகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். கிராண்ட் பிரிஸ்மாட்டிக் மேட்டுக்குப் பதினோரு மணிக்கு மேல் போங்கள், ஃபேரி ஃபால்ஸ் வண்டி நிறுத்துமிடம் அதற்குள் நிரம்பிவிடும் என்பதால் கொஞ்சம் முன்னதாகவே போய்க் காத்திருங்கள். வெயிலின் கூச்சத்தை வெட்டுகிற போலராய்டு கண்ணாடி இருந்தால் படலத்தின் அடுக்குகள் நன்றாகத் தெரியும். பைனாகுலர் கரடிக்கு மட்டுமல்ல, ஊற்றுக்கண்ணின் இழைகளைப் பார்க்கவும் உதவும். தொப்பிக்கு நாடா கட்டிக்கொள்ளுங்கள்.

நாளை பக்கத்துப் பூங்காவான கிராண்ட் டீட்டன் வழியாகத் திரும்புகிறோம். இத்தனை நாள் சேறும் பாசியும் பார்த்தது போதும், இனி மலைதான் என்று அக்கா சொல்லிவிட்டாள். அதைப் பற்றி அவளே எழுதட்டும்.